ஊரை விட்டுப் போகாமலே தனிமை: தாவோ வழியில் படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

தனிமை வேண்டும் என்றதும் பலருக்கு மலைதான் ஞாபகம் வருகிறது. லீவு போட்டுவிட்டு, டவர் கிடைக்காத ஏதாவது ஓர் இடத்தில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. போய்வருவதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் திரும்பி வந்த மறுநாளே பழைய படபடப்பு வந்து ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்வது?

சீனாவின் தாவோ மரபில் இந்தக் கேள்வியை நூற்றாண்டுக் கணக்கில் அலசியிருக்கிறார்கள். ஜின் வம்சக் காலத்துக் கவிதை ஒன்று, சின்னத் துறவி மலைக்காட்டில் ஒளிகிறான், பெரிய துறவி அரசவையிலும் சந்தையிலும் ஒளிகிறான் என்று ஆரம்பிக்கிறது. கவிஞர் தாவ் யுவான்மிங் கி.பி. 405-இல் பெங்ட்சே என்ற ஊரின் அதிகாரி பதவியை எண்பது சொச்ச நாட்களிலேயே விட்டுவிட்டு விவசாயம் பார்க்க வந்துவிட்டவர். அவர் எந்தக் குகைக்கும் போகவில்லை. மனிதர்கள் வசிக்கும் இடத்தில்தான் என் குடிசை, ஆனாலும் வண்டி குதிரைச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை, மனசு தள்ளி இருந்தால் இருக்கும் இடமும் தானாகவே தள்ளிப்போய்விடும் என்று எழுதினார்.

சரி, மனசைத் தள்ளி வைப்பது எப்படி? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் சிமா செங்ஜென் என்ற, தாங் வம்சக் காலத்துத் தாவோ ஆசிரியரிடம் இருக்கிறது. 647 முதல் 735 வரை வாழ்ந்தவர், பெரும்பாலும் தியான்தாய் மலையில் இருந்தவர். 711-இல் பேரரசர் ருய்சோங் அவரைத் தலைநகருக்கு வரவழைத்துப் பேசினார். மனிதர் பேசி முடித்துவிட்டு மலைக்கே திரும்பக் கிளம்பிவிட்டார். அப்போது லு ட்சாங்யொங் என்ற அதிகாரி, தலைநகருக்குத் தெற்கே தெரிந்த ஜோங்னான் மலையைக் காட்டி, “இங்கேயே நல்ல இடம் இருக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம்?” என்று கேட்டார். இந்த லு, முன்பு அதே ஜோங்னானில் துறவிபோல இருந்து அரசவையின் கவனத்தைப் பிடித்துப் பதவி வாங்கியவர். சிமா செங்ஜென் சொன்ன பதில்: “நான் பார்த்தவரை இது பதவிக்குப் போகும் குறுக்கு வழி.” இப்படிக் குறுக்கே புகுந்து மேலே போவதைச் சீனர்கள் இன்றைக்கும் ‘ஜோங்னான் குறுக்கு வழி’ என்று சொல்கிறார்கள்.

இந்த மனிதர் எழுதிய நூல் ‘ட்சுவோவாங் லுன்’. உட்கார்ந்து மறப்பதைப் பற்றிய நூல். ஏழு படிகள் வைக்கிறார்: நம்பிக்கை, தொடர்புகளை அறுத்தல், மனதைச் சேர்த்தெடுத்தல், காரியங்களைக் குறைத்தல், உள்ளதை உள்ளபடி பார்த்தல், அசையாமை, தாவோவை அடைதல். வரிசையைக் கவனியுங்கள். கண்ணை மூடி உட்காருவது மூன்றாவது படியில்தான் வருகிறது. நாம் எல்லோரும் நேராக அங்கேதான் குதிக்கிறோம். ஒரு ஆப்பை இறக்கி, பத்து நிமிடம் டைமர் வைத்து, உள்ளே முந்நூறு குரல்களோடு உட்கார்ந்து, ‘எனக்கு இது சரிவராது’ என்று எழுந்துவிடுகிறோம். சரிவராததற்குக் காரணம் முதல் இரண்டு படிகள் இல்லாததுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே. அவர் எழுதியது துறவிகளுக்கு. வேலை, பிள்ளைகள், மாதத் தவணை எல்லாம் உள்ளவர்களுக்கு அதில் எது எப்படிப் பொருந்தும் என்று நான் சொல்லும் இடங்கள் என் பொறுப்பு.

படி 1: இது கழித்தல் என்று ஒப்புக்கொள்ளுங்கள்

தாவோ என்பது எல்லாம் தன் போக்கில் நடக்கும் அந்தப் போக்கு. அதற்கு மேல் விளக்கப் போனால், தாவோ மரபின் மூல நூலான தாவோ தே ஜிங்கை எழுதியதாகச் சொல்லப்படும் லாவோ ட்சுவே அதன் முதல் அத்தியாயத்தில் கையை விரித்துவிடுகிறார், நாமும் விட்டுவிடலாம். நமக்குத் தேவையானது தாவோ தே ஜிங்கின் 48-ஆம் அத்தியாயம்: கல்வியைத் தேடுபவன் நாளுக்கு நாள் சேர்க்கிறான், தாவோவைத் தேடுபவன் நாளுக்கு நாள் குறைக்கிறான், குறைத்துக் குறைத்து வலிந்து செய்வது எதுவும் இல்லாத நிலைக்கு வருகிறான். சிமா செங்ஜென் பேரரசரிடம் எடுத்துச் சொன்னதும் இதைத்தான்.

அதனால் புதுப் பாய், ஊதுபத்தி, கோர்ஸ், காலை ஐந்து மணி அலாரம் என்று எதையும் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் ‘மன அமைதி’ என்று இன்னொரு வேலையையும் சொருகினால் அதுவும் ஒரு பாரம்தான். முதல் வாரம் உட்காரவே வேண்டாம், அடுத்த படியை மட்டும் செய்யுங்கள்.

படி 2: போக்குவரத்தைக் குறையுங்கள்

இதுதான் கஷ்டமான படி, அதிக நேரம் கேட்கும் படியும் இதுதான். சிமா செங்ஜென் அறுக்கச் சொல்லும் தொடர்புகளின் பட்டியலைப் பார்த்தால் அவர் நம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும். தன் நற்குணத்தையும் திறமையையும் வெளியே காட்டி, நாலு பேர் தன்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. விசாரிப்பு, வாழ்த்து, துக்கம் என்று சம்பிரதாயத்துக்காகப் போவதும் வருவதும். துறவிபோல ஒதுங்கியிருப்பதாகக் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் மேலே போக ஆசைப்படுவது. பின்னால் உதவும் என்று இன்று ஒருவருக்கு விருந்து வைப்பது.

ஒரு தாளை எடுத்து, போன வாரம் நீங்கள் யார் யாரோடு எதற்காகப் பேசினீர்கள், என்ன அனுப்பினீர்கள், என்ன போட்டீர்கள் என்று ஞாபகம் வரும் வரை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றும் இந்த நான்கில் எதிலாவது விழுகிறதா என்று பாருங்கள். அம்மாவுக்குப் போன் செய்தது விழாது, ஆஸ்பத்திரியில் இருந்த நண்பனைப் பார்த்தது விழாது. ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்த அந்த ஸ்டேட்டஸ் விழும். முகமே ஞாபகம் இல்லாத ஒருவருக்கு குரூப்பில் பூங்கொத்தோடு போட்ட பிறந்தநாள் வாழ்த்து விழும். மலைக்குப் போய் ‘அமைதி’ என்று எழுதிப் போட்ட போட்டோவும் விழும், அது ஜோங்னான் குறுக்கு வழியின் இன்றைய வடிவம்.

இதையெல்லாம் எப்படி விடுவது? இங்கேதான் அவர் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உத்தியைச் சொல்கிறார். நான் பாட்டை எடுக்காவிட்டால் அவர்கள் பின்பாட்டுப் பாட மாட்டார்கள், அவர்களே எடுத்தாலும் நான் பின்பாட்டுப் பாடப்போவதில்லை. பழைய தொடர்புகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகட்டும், புதிதாக எதையும் முடிச்சுப் போட வேண்டாம். அவ்வளவுதான். ‘நான் ஒரு மாதம் சமூக வலைதளங்களிலிருந்து ஓய்வு எடுக்கிறேன்’ என்று அறிவிப்புப் போட்டால் அதுவே ஒரு பாட்டு, உடனே நாற்பது பேர் பின்பாட்டுப் பாட வருவார்கள். குரூப்பை விட்டு வெளியேறினால் சித்தப்பா போன் போட்டு “என்னப்பா, ஏதாவது கோபமா?” என்று கேட்பார். வெளியேற வேண்டாம். மியூட் செய்யுங்கள், ஆரம்பிக்காதீர்கள், பின்பாட்டுப் பாடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் உங்களை நோக்கி வருவதே குறைந்துவிடும், யாருக்கும் மனவருத்தமும் இருக்காது.

விட முடியாதவை இருக்கும். அதையும் அவர் சொல்கிறார்: தவிர்க்கவே முடியாத காரியம் என்றால் வேறு வழியில்லை என்று செய்துவிட்டு வா, அதில் ஆசை வைத்து அதையே பிழைப்பாக்கிக்கொள்ளாதே. உறவில் கல்யாணம் என்றால் போங்கள், சாப்பிடுங்கள், நன்றாகப் பேசுங்கள். வீட்டுக்கு வந்து யார் என்ன புடவை, யார் எவ்வளவு மொய் என்று இரண்டு நாள் ஓட்டிக்கொண்டிருக்காமல் இருந்தால் போதும்.

படி 3: உட்காருங்கள்

இப்போது உட்காரலாம். இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, தினமும் அதே இடமாக இருப்பது நல்லது. தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி. முதுகு நேராக, ஆனால் விறைப்பாக வேண்டாம். போன் வேறு அறையில் இருக்கட்டும், சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் மனசு அதன் மேலேயே இருக்கும். கால் மணி நேரம் போதும், டைமர்கூட வேண்டாம், சுவரில் கடிகாரம் இருந்தால் சரி.

உட்கார்ந்ததும் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் இருப்பதற்காக. முதலில் காது ஊரைச் சுற்றும். தெருவில் பைக் போகும், அடுத்த வீட்டு மிக்சி ஓடும், நம் வீட்டுக் குக்கரில் இரண்டாவது விசிலா மூன்றாவதா என்று மனசு எண்ண ஆரம்பிக்கும். பிறகு நேற்று ஆபீசில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் வரும், அதற்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் வரும், அந்தப் பதிலுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் வரும். கால் மணி நேரத்தில் பாதி இப்படித்தான் போகும்.

சத்தத்துக்கு, சுவாங் ட்சு என்ற பழைய தாவோ ஞானியின் பெயராலேயே வழங்கும் நூலின் நான்காவது அத்தியாயத்தில் ஒரு வழி இருக்கிறது, ‘மனதின் உபவாசம்’ என்று பெயர். காதால் கேட்காதே, மனதால் கேள். மனதாலும் கேட்காதே, உயிர்மூச்சால் கேள், அது காலியாக இருந்து வருவதற்காகக் காத்திருக்கிறது. நடைமுறையில் நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: விசில் சத்தம் வந்தால் அதை விரட்டவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், வந்தது போய்விட்டது என்று இருந்துவிடலாம். மூச்சைப் பற்றி அதே நூலின் ஆறாவது அத்தியாயம், உண்மையான மனிதர்கள் குதிகாலிலிருந்து மூச்சு விடுகிறார்கள், மற்றவர்கள் தொண்டையிலிருந்து விடுகிறார்கள் என்கிறது. கவனத்தை அப்படியே இறக்கிப் பாதத்தில் வைத்துப் பாருங்கள், மூச்சு தானாகவே நீளும். இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

எண்ணங்களை என்ன செய்வது என்பதில்தான் சிமா செங்ஜென் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறார். வருவதை எல்லாம் நல்லது கெட்டது பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் அது உணர்வே அற்ற ஒரு மரத்த நிலையில் கொண்டுபோய் விடும் என்கிறார். எதையும் கட்டுப்படுத்தாமல் விட்டுவிட்டால் நீ முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசமே இல்லை. சும்மா மிதந்துகொண்டிருந்தால் ஒருநாள் தானே அடங்கும் என்று காத்திருப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. அப்படியானால்? உண்மையிலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் வந்தால் யோசி, முடிவுக்கு வா, முடிவு வந்ததும் நிறுத்து. புகழோ திட்டோ ஞாபகம் வந்தால் உள்ளே வாங்காமல் ஒதுக்கிவிடு. மகளின் ஸ்கூல் பீஸ் எப்போது கட்டுவது என்ற எண்ணம் வந்தால் ‘வியாழக்கிழமை’ என்று முடித்துவிட்டுத் திரும்பப் பாதத்துக்கு வந்துவிடலாம். அதை ஏதோ தியானத்துக்கு விரோதி மாதிரி அடித்து விரட்டினால் அது மறுபடி மறுபடி கதவைத் தட்டும்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். மாடும் குதிரையும் வீட்டு விலங்குகள், ஆனாலும் அவிழ்த்தே விட்டால் முரண்டு பிடித்து நுகத்துக்கு அடங்காது. பருந்து காட்டுப் பறவை, ஆனாலும் கட்டி நாள் முழுக்கக் கையிலேயே வைத்திருந்தால் தானே பழகிவிடும் என்று மனதைப் பற்றி அவர் எழுதுகிறார். நாள் முழுக்கக் கையிலேயே என்பதுதான் இதில் முக்கியம், கால் மணி நேரம் மட்டும் கட்டிவிட்டு மீதி நேரம் பறக்க விட்டால் பழகாது. அதனால்தான் நான்காவது படி.

படி 4: காரியங்களையும் பொருட்களையும் குறையுங்கள்

குருவிக்குக் காடு முழுக்க மரம் இருந்தாலும் கூடு கட்ட ஒரு கிளைதான் வேண்டும், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அகழெலி வயிறு நிறைய மட்டும்தான் குடிக்கும். இது சுவாங் ட்சு சொன்னது, சிமா செங்ஜென் இதை எடுத்தாண்டு, காய்கறிச் சாப்பாடும் பழைய துணியும் உயிரை வளர்க்கப் போதும், பட்டும் மதுவும் வந்த பிறகுதான் வாழ ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். இது இல்லாவிட்டால் வாழ்க்கைக்கு என்ன குறையும் என்று கேளுங்கள், ஒன்றும் குறையாது என்றால் நிறுத்துங்கள். அந்த நேரத்தை வேறு எதைக் கொண்டும் நிரப்பாதீர்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள், சீரியலை நிறுத்திவிட்டு ரீல்ஸுக்குப் போய்விடுகிறார்கள்.

நடுவில்: வேலை நேரத்தில் என்ன செய்வது

நாளின் பெரும்பகுதி வேலையில் போகிறது, அங்கே தனிமை எங்கே என்று கேட்பீர்கள். ச்சுவான்ஜென் என்ற தாவோ பிரிவைத் தொடங்கிய வாங் சோங்யாங் (1113–1170) ஜோங்னான் அருகே தனக்கென ஒரு சமாதிக் குழி தோண்டி அதற்குள்ளேயே சில வருடங்கள் இருந்தவர். ஆனால் உட்காருவதைப் பற்றி அவர் சொன்னது நேர் எதிராக இருக்கிறது: உடம்பை நேராக வைத்துக் கண்ணை மூடுவது பொய்யான உட்காருதல், நடக்கும்போதும் நிற்கும்போதும் படுக்கும்போதும், பகலிரவு பன்னிரண்டு ஜாமமும் மனசு சீனாவின் ‘தாய்’ என்ற பெயருள்ள மலைபோல ஆடாமல் இருப்பதே உண்மையான உட்காருதல். குழிக்குள் இருந்து பார்த்தவர் சொல்வதால் நான் இதை நம்புகிறேன்.

கையில் வேலை இருக்கும்போது எப்படி என்பதற்கு சுவாங் ட்சுவின் மூன்றாவது அத்தியாயத்தில் வரும் சமையல்காரர் திங்கைப் பாருங்கள். வென்ஹுய் பிரபுவுக்காக மாடு அறுக்கிறார். சாதாரண ஆள் மாதத்துக்கு ஒரு கத்தி மாற்றுவான், நல்ல ஆள் வருடத்துக்கு ஒன்று, என் கத்திக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது, இப்போதுதான் சாணைக்கல்லில் இருந்து எடுத்ததுபோல் இருக்கிறது என்கிறார். காரணம், அவர் எலும்பை வெட்டுவதில்லை, மூட்டுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியில் கத்தியை விடுகிறார். இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து வருவதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சிக்கலான முடிச்சு வந்தால் இது கஷ்டம் என்று பார்க்கிறேன், உஷாராகிறேன், பார்வையை அதிலேயே வைக்கிறேன், கையை மெதுவாக்குகிறேன், கத்தியை அணு அணுவாக அசைக்கிறேன் என்கிறார். பத்தொன்பது வருட அனுபவம் உள்ளவரே முடிச்சு வந்தால் நிதானிக்கிறார். நாமோ அங்கேதான் வேகத்தைக் கூட்டுகிறோம்.

செய்ய வேண்டியது: நாளில் உங்கள் தோள் இறுகும் இடம் எது என்று கண்டுபிடியுங்கள். ஒருவருக்குக் காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் நேரம், இன்னொருவருக்கு நாலு மணி மீட்டிங். அந்த இடத்தில் மட்டும் கையைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். டிபன் டப்பாவை மூடும்போது மூடியை மட்டும் பாருங்கள். பதில் மெயில் எழுதும்போது வேறு எந்த ஜன்னலும் திறந்திருக்க வேண்டாம். நாள் முழுக்க நிதானமாக இருக்க முயல வேண்டாம், முடிச்சில் மட்டும்.

படி 5: படுக்கும் முன் பாருங்கள்

ஒரு வேளைச் சாப்பாடும் ஓர் இரவுத் தூக்கமும்கூட லாப நஷ்டத்தின் ஊற்று, ஒரு செயலும் ஒரு சொல்லும் நன்மை தீமையின் வேர் ஆகலாம் என்பது சிமா செங்ஜென் இந்தப் படியில் எழுதியது. அதனால் அவர் கிளையைப் பிடிப்பதைவிட வேரைப் பார்க்கச் சொல்கிறார். ராத்திரி படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், இன்று மனம் கலங்கிய ஓர் இடத்தை எடுத்து அதன் ஆரம்பத்தைத் தேடுங்கள். மகன் மேல் எரிந்து விழுந்ததற்கு வேர் மகனிடம் இல்லாமல், மதியம் சாப்பிடாமல் போனதில் இருக்கலாம், முந்தைய இரவு ஒரு மணி வரை விழித்திருந்ததில் இருக்கலாம்.

வேர் இன்னொரு மனிதரிடம் இருப்பதாகத் தோன்றினால் சுவாங் ட்சுவின் இருபதாவது அத்தியாயத்துப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கும்போது ஆளில்லாத படகு வந்து மோதினால் எவ்வளவு முன்கோபிக்கும் கோபம் வராது. அதில் ஓர் ஆள் இருந்தால் ஒதுங்கு என்று கத்துவான், கேட்காவிட்டால் இன்னொரு தடவை கத்துவான், மூன்றாவது தடவை திட்டே வந்துவிடும். மோதியது என்னவோ ஒரே படகுதான். உங்களை இடித்தவர் வேண்டுமென்றே உங்களைக் குறிவைத்தார் என்பதற்கு நிஜமாகவே என்ன ஆதாரம் என்று கேட்டால், பெரும்பாலும் படகு காலியாகத்தான் இருக்கும். ஆள் இருக்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். அநியாயத்தைக் காலிப் படகு என்று நினைத்துப் பொறுத்துப்போக இந்தக் கதையைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 6, 7: இங்கே செய்வதற்கு அதிகம் இல்லை

மற்றவை நடந்தால் அசையாமை தானே வருகிறது, அடங்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அடங்கியிருப்பது என்று அவர் விவரிக்கிறார். ஏழாவது படியைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆறாவதில் ஓர் எச்சரிக்கை மட்டும் எல்லோருக்கும் உதவும்: தெளிவு பிறப்பது கஷ்டமில்லை, பிறந்த தெளிவைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் அமைதி கிடைத்ததும் அதை வைத்து வீட்டில் உள்ளவர்களுக்கு உபதேசம் பண்ணத் தோன்றும். பண்ணாதீர்கள். அது மறுபடி இரண்டாவது படியின் முதல் ஐட்டத்துக்கே கொண்டுவந்து விடும்.

கவனிக்க வேண்டியவை

வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். “ஏழு மணிக்குக் கால் மணி நேரம் சும்மா உட்காரப் போகிறேன், யார் மேலும் கோபம் இல்லை” என்று ஒரு வரி போதும். சொல்லாமல் கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே கவலை ஆரம்பிக்கும்.

அவசரப்படாதீர்கள். மனதை வலிந்து நெருக்கினால் நோய் வரும், சித்தம் கலங்குவது அதன் அறிகுறி என்று இந்த நூலோடு சேர்த்துத் தரப்படும் சிறு பகுதியே எச்சரிக்கிறது. உட்காரும்போது மூச்சு முட்டினால், பயம் பிடித்துக்கொண்டால், எழுந்து நடங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், யாரையும் பார்க்கவே பிடிக்காமல் ஒதுங்கத் தோன்றுகிறது என்றால் அது தாவோ சொல்லும் தனிமை இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

படிக்க ஆசைப்படுபவர்களுக்கு: தாவோ தே ஜிங்கின் 81 அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். 12, 16, 44, 48 ஆகிய நான்கை எடுத்து ஒரு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவாங் ட்சுவில் மொத்தம் 33 அத்தியாயங்கள் இருக்கின்றன, முதல் ஏழில் ஆரம்பியுங்கள், அதிலும் மூன்றாவதை முதலில் படியுங்கள். ரொம்பச் சின்னது, சமையல்காரர் திங் அதில்தான் இருக்கிறார்.